இரவல் கைகள்

தொகுமிட்சு என்பவர் உண்மையில் என்ன வேலை பார்க்கிறார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் தலைவர், அவ்வளவுதான். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் இரண்டு கையாலும் விசிட்டிங் கார்டு நீட்டுவார். ஒவ்வொன்றிலும் வேறு வேறு பதவி இருக்கும். குனிகிற குனிவு மட்டும் மாறாது.

நான் பாறை வரைகிறவன். ஹினாட்சு சென்செயின், அதாவது என் ஆசானின், மங்கா படக்கதையில் வருகிற பாறை, மேகம், இடிந்த கோட்டை, தூரத்து மலை எல்லாம் என் கை. முகங்களை மட்டும் சென்செய் யாரையும் தொட விடமாட்டார். நெரிமாவில் ரயில் பாதையை ஒட்டி இரண்டு அறை வீடு. ஒன்றில் அவர் முகம் வரைவார், இன்னொன்றில் நான் பாறை வரைவேன். மதியம் போனில் சோபா நூடுல்ஸ் சொல்வதும் நான்தான். சென்செய்க்குத் திக்குவாய். கடைக்காரன் இரண்டு தடவை "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிடுவான்.

அவர் வரைகிற தொடரின் பெயர் 'உப்புக் கதவு'. அதில் நெலூ என்று ஒரு மந்திரக்காரப் பெண். அவளுக்கும் திக்கும். அந்த உலகத்து மந்திரவாதிகள் மந்திரத்தை ஒரே மூச்சில் சொல்வார்கள், எதிரே இருக்கிற கதவு திறக்கும். நெலூ சொன்னால் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வாள். ஆனால் மாட்டிக்கொள்கிற ஒவ்வொரு தடவையும் வேறெங்கோ ஒரு கதவு திறந்துகொள்ளும். யாரும் இருப்பதையே அறியாத கதவுகள். பின்னால் என்ன இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. இதுதான் கதை. இதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது என் பாறைகள்தான்.

வாரப் பத்திரிகையில் தொடர் நன்றாகப் போனது. அனிமே ஆக்கலாம், படங்களை அசைய வைத்துத் தொலைக்காட்சியில் ஓட்டலாம் என்றார்கள். சென்செய் அன்று முழுக்க ஒரு முகம்கூட வரையவில்லை. "நெ... நெலூ பேசப் போறா, குசாகா. ச... சத்தமா," என்றார் என்னிடம். அத்தனை சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் அனிமேயை ஒரு கம்பெனி எடுப்பதில்லை. குழு எடுக்கும். புத்தகம் போடுகிறவர், ஒளிபரப்புகிறவர், பொம்மை விற்கிறவர், பாட்டு விற்கிறவர் எல்லோரும் பணம் போட்டு ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். லாபம் வந்தால் எல்லோருக்கும் பங்கு. தப்பு வந்தால் அது குழுவின் தப்பு, அதாவது யாருடைய தப்பும் இல்லை. இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டை எந்த மந்திரவாதியும் யோசித்திருக்க முடியாது.

முதல் கூட்டத்துக்கு நானும் போனேன். சென்செய் தனியாகப் போனால் வழி கேட்க வேண்டியிருக்கும் என்பதால் என்னை அழைத்துப்போவார். கார்டு மாற்றிக்கொள்வதிலேயே பாதி நேரம் போனது. பிறகு குழுத் தலைவர் தொகுமிட்சு எழுந்தார்.

"சென்செய், மூலப் படைப்பு மேல இந்தக் குழுவுக்கு இருக்கிற மரியாதை கொஞ்ச நஞ்சம் இல்லை. அதனாலதான் எங்கள்ல யாரும் அதைப் படிக்கலை. படிச்சா நமக்குன்னு ஒரு அபிப்பிராயம் வந்துடும். அபிப்பிராயம் வந்தா அது மூலப் படைப்புல தலையிடுற மாதிரி. எங்களுக்கு அந்தத் திமிர் கிடையாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். சென்செய் பதில் சொல்ல எழுந்தார்.

"ஒ... ஒரே ஒ..."

"ஒரே ஒரு வேண்டுகோள், நல்லா பண்ணணும்! புரியுது சென்செய், கண்டிப்பா!" என்றார் தொகுமிட்சு. பக்கத்திலிருந்தவர்கள் அதையும் குறித்துக்கொண்டார்கள். திணறுகிற மனிதரைத் திணற விடக்கூடாது என்பது அவர்கள் பண்பு. யாரும் அதை மரியாதைக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. அதுதான் கொடுமை.

கூட்டத்தை முடிக்கும் விதமும் அன்றுதான் தெரிந்தது. கை தட்டி முடிப்பது இங்கே எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான். முன்னால் நிற்பவர், "உங்க கைகளை இரவல் கொடுங்க" என்பார். எல்லோரும் இரண்டு கையையும் விரித்து நெஞ்சுக்கு நேரே தூக்குவார்கள். அவர் "இயோ..." என்று இழுப்பார். எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு தட்டு. விருந்து முடிந்தது என்று அர்த்தம், வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் இந்தக் குழுவில் அந்தத் தட்டுக்குச் சட்டத்தின் பலம் வந்திருந்தது. தட்டுவதற்குமுன் யாரும் மறுத்துச் சொல்லாதது எல்லாம் ஏகமனதாக ஒப்புக்கொண்டது. தட்டியபின் பேசினால் அது தனிப்பட்ட உளறல். சென்செய் "அ... அந்த..." என்று ஆரம்பிக்கிறார். "இயோ... பட்!" அன்றைக்கு அவர் ஒப்புக்கொண்டவை என்னென்ன என்று எங்களுக்கு மறுவாரம்தான் தெரியவந்தது.

அடுத்த கூட்டத்தில் பொம்மைக் கம்பெனி உசாமி ஒரு மந்திரக்கோலை மேசைமேல் வைத்தார். பிளாஸ்டிக். பொத்தானை அழுத்தினால் நெலூவின் குரல் வரும். நல்ல மனிதர் உசாமி, முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"சென்செய், இதுல இருக்கிற சிப் ரெண்டு விநாடிதான் பிடிக்கும். அந்தப் பொண்ணு மந்திரத்தை ஆரம்பிக்கவே ரெண்டு விநாடி ஆகுதாமே. குழந்தை பொத்தானை அமுக்கினா வெறும் 'தி... தி... தி...'ன்னு மட்டும் வரும். ரிப்பேர்னு நினைச்சு கடையில திருப்பிக் கொடுத்துடுவாங்க. கொஞ்சம் வேகமா சொல்லச் சொல்லலாமே?"

"அ... அவளால மு..."

"முடியும்ங்கிறீங்க! அருமை!" என்றார் தொகுமிட்சு.

நான் பொறுக்காமல் எழுந்தேன். "அவர் சொல்ல வந்தது அது இல்லீங்க."

தொகுமிட்சு என்னைக் கனிவோடு பார்த்தார். "நீங்க பாறை போடுறவர்தானே? பாறை சம்பந்தமா ஏதாவது வந்தா முதல்ல உங்களைத்தான் கேட்போம்." அதையும் குறித்துக்கொண்டார்கள். தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சென்செய் எழுதினார். எழுத்தில் அவர் திக்குவதில்லை. 'நெலூவின் திக்கலை எடுக்கக் கூடாது. எடுத்தால் அனிமே வேண்டாம்.' இரண்டே வரி. ஆனால் எழுதுகிறவர் குழுவிடம் நேரே கடிதம் கொடுப்பது வழக்கமில்லை. பத்திரிகையில் எங்களைக் கவனித்துக்கொள்கிற ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும். அவர், இவ்வளவு காரம் கூடாது என்று 'சற்றுக் கவலையாக இருக்கிறது' என்று மாற்றினார். அவருக்கு மேலிருந்த துணைத் தலைமை ஆசிரியர் கவலை என்ற சொல் கூட்டாளிகளைச் சங்கடப்படுத்தும் என்று 'மிகுந்த அக்கறையோடு கவனிக்கிறேன்' ஆக்கினார். குழுவின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தபோது அது 'ஆவலோடு காத்திருக்கிறேன்' ஆகியிருந்தது. தொகுமிட்சு அதைக் கண் கலங்க வாசித்தார். எல்லோரும் கை தட்டினார்கள், இது வழக்கமான தட்டு இல்லை, மனமாரத் தட்டியது.

அதற்கப்புறம் ஒளிபரப்பு நிலையத்திலிருந்து ஷிரத்தொரி அம்மையார் வந்தார். பார்ப்பவர்கள் மனம் புண்படாமல் காப்பது அவர் துறை.

"திக்கிப் பேசுறதைக் காட்டினா, திக்கிப் பேசுறவங்க மனசு புண்படும்," என்றார்.

"அவங்களைக் கேட்டீங்களா?" என்று நான் கேட்டேன். இந்தத் தடவை பாறையைக் காரணம் காட்டி என்னை அடக்க முடியாதபடி, யார் கேட்டது என்று தெரியாமல் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

"கேட்டா புண்பட மாட்டாங்களா? அப்படியெல்லாம் நாங்க கேட்கவே மாட்டோம்."

சென்செய் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். இத்தனை கூட்டத்துக்கு வந்தும், இவர் திக்குகிறவர் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்பார்கள்? அவர் ஒரு வாக்கியம் முடித்து அவர்கள் கேட்டதே இல்லை. கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தார்கள். சென்செயின் காதுமடல் சிவந்துவிட்டது. அவர் மேசைக்கடியில் கால்சட்டைத் துணியை இறுகப் பிடித்திருந்தார். எனக்கு அந்த மேசையைக் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது, கவிழ்க்கவில்லை.

பிறகு ஆலோசனைகள் வந்தன. திக்கலுக்குப் பதிலாக விக்கல் வைக்கலாமே, ஒரு குளிர்பானக் கம்பெனி விளம்பரம் தரத் தயார் என்றார் ஒருவர். தும்மல் என்றால் வசந்த காலத்தில் மகரந்தக் காய்ச்சல்காரர்கள் எல்லோரும் நெலூவில் தங்களையே பார்ப்பார்கள் என்றார் இன்னொருவர். விக்கலா தும்மலா என்று ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள். துணைக்குழு இரண்டையும் சேர்த்து வைக்கலாம் என்றது. சேர்த்து வைத்தால் அவள் சாகப்போகிறாள் என்று ரசிகர்கள் பயப்படுவார்கள் என்று அதைக் கைவிட்டார்கள். கடைசியில் தொகுமிட்சுவே வழி கண்டுபிடித்தார்.

"யாரோட மனசும் புண்படாம, எல்லாருக்கும் நம்பிக்கை தர்ற மாதிரி பண்ணுவோம். அது ஒரு சாபம்னு வெச்சுக்குவோம். முதல் வாரத்துலயே நெலூ குணமாயிடுறா! அப்புறம் கடகடன்னு பேசுறா. திக்குறவங்களும் பார்த்து, 'நாமளும் ஒருநாள் சரியாயிடுவோம்'னு நினைப்பாங்க இல்லையா? எனக்குச் சொல்லும்போதே சிலிர்க்குது."

சென்செய் எழுந்து நின்றார். வாய் திறந்தது. முகம் முழுக்க அந்த ஒரு எழுத்துக்காக இழுபட்டது. இந்த முறை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, ஏனென்றால் யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் தொகுமிட்சுவைப் பார்த்து, இரவல் கொடுப்பதற்காகக் கைகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான், "அ... அவளுக்கு எ... என்ன நோய், குசாகா?" என்று கேட்டார்.

குரல் தேர்வுக்குச் சென்செயையும் அழைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப்புறம் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். வந்த பெண்கள் எல்லோரும் திறமைசாலிகள். திக்கலைப் பாட்டுப் பாடுவதுபோலச் செய்தார்கள். அழகாக இருந்தது, பொய்யாக இருந்தது. பிறகு தமாகி என்று ஒரு புதிய பெண் வந்தாள். மந்திரத்தைத் தொடங்கினாள். முதல் எழுத்தில் நின்றாள். நின்றது குரல் இல்லை. கழுத்து நின்றது, மூச்சு நின்றது, கண் மட்டும் முன்னால் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தது. சென்செய் டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"எ... எங்க கத்துக்கிட்டீங்க?" என்று வெளியே வந்ததும் கேட்டார்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். யாரும் பக்கத்தில் இல்லை. "க... கத்துக்கலை, சென்செய்," என்றாள். "ம... மனப்பாடம் பண்ணினதைப் பேசினா திக்காது. சொந்தமா பேசினாத்தான் திக்கும். உ... உள்ளே எனக்கு வர்றதை அப்படியே செஞ்சு காட்டினேன். த... தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அவளையே தேர்ந்தெடுத்தார்கள். சென்செய் சொன்னதால் இல்லை. திக்காத வசனங்களை அவள் எல்லோரையும்விடத் தெளிவாகப் பேசினாள் என்பதால்.

அனிமேயை அறிவிக்கும் விழா ஒரு பெரிய ஓட்டலில் மதிய விருந்தாக நடந்தது. உப்புக் கதவை ஐஸ்கட்டியில் செதுக்கி வைத்திருந்தார்கள். அதைச் சுற்றிச் செதுக்கிய பாறைகள் சுமாராக இருந்தன. வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு பையில் அந்த மந்திரக்கோலைப் போட்டுக் கொடுத்தார்கள், குரலோடு தயாராகிவிட்டது. விழாவோடு எல்லாம் முடிவாகும் என்று ஆசிரியர் எங்களிடம் காதோடு சொன்னார். இந்தத் தட்டுக்கப்புறம் கடவுள் வந்தாலும் மாற்ற முடியாதாம்.

தொகுமிட்சு பேசினார். "இந்தப் படைப்பு யாருடையதுன்னு கேட்டா, நான் சொல்வேன், யாருடையதும் இல்லை! அதனாலதான் இது நம்ம எல்லாருடையதும்!" விருந்தாளிகள் ஆரவாரித்தார்கள். கடைசியில் முடிக்கிற தட்டு வந்தது. இப்படிப்பட்ட பெரிய விழாவில் அதை முக்கிய விருந்தாளிதான் நடத்தித் தர வேண்டும் என்பது முறை. முறை என்று ஒன்று இருந்தால் தொகுமிட்சு தன் தாயையும் விட்டுக்கொடுப்பார்.

"ஹினாட்சு சென்செய், சுருக்கமா ஒரு வார்த்தை. அப்புறம் தட்டு."

சென்செய் மேடை ஏறினார். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"உ... உங்க கை... கைகளை இ... இரவல் கொடுங்க."

மண்டபம் முழுக்கக் கைகள் எழுந்தன. விரித்து, நெஞ்சுக்கு நேரே. தொகுமிட்சு, உசாமி, ஷிரத்தொரி அம்மையார், பாட்டுக்காரர்கள், குளிர்பானக்காரர்கள், கடைசி வரிசையில் தமாகி, எல்லோரும். சென்செய் 'இயோ' சொல்லவில்லை.

"நெ..." என்றார். "நெ... நெ..."

இரவல் கொடுத்த கையை நடுவில் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. தட்டை நடத்துகிறவர் பேசும்போது குறுக்கே பேசுவது அநாகரிகம். அந்தக் குழுவுக்குத் தெரிந்த ஒரே குற்றம் அநாகரிகம்தான். தொகுமிட்சுவின் வாய் திறந்து, மூடி, திறந்தது. வார்த்தை எடுத்துக் கொடுக்கத் துடித்தார். கொடுக்கவில்லை.

"நெ... நெலூவுக்கு எ... எந்த நோயும் இல்லை," என்றார் சென்செய். "அ... அவளுக்குக் கு... குணமாக வேண்டியது ஒ... ஒண்ணும் இல்லை."

கைகள் அப்படியே நின்றன. உசாமியின் முழங்கை நடுங்க ஆரம்பித்தது. ஷிரத்தொரி அம்மையாரின் கைப்பை தோளிலிருந்து வழுக்கி முழங்கையில் வந்து தொங்கியது. அவர் அதைச் சரிசெய்யவில்லை. யாரோ ஒருவர் கையை இறக்கப் பார்த்தார், பக்கத்திலிருந்த மேலதிகாரியின் கை மேலேயே இருப்பதைப் பார்த்து மறுபடி தூக்கினார்.

"எ... எ... எனக்கும்தான்," என்றார் சென்செய்.

அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அந்த மண்டபத்திலிருந்த எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு எழுத்திலும் நின்று, அது விடும்வரை காத்திருந்து, தன் வேகத்தில் முழுவதையும் சொன்னார்.

"மு... முதல் வாரத்துல அவளைக் கு... குணப்படுத்துறதா இருந்தா, நா... நான் இந்தக் க... கதையைக் கொ... கொ... கொடுக்கலை."

சொல்லி முடித்தார். அவர் பொதுவில் ஒரு வாக்கியத்தைக் கடைசிவரை சொல்லி நான் கேட்டது அன்றுதான். பிறகு, கடன் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் போகிற மனிதர் இல்லை என்பதால், தட்டுக்கு அழைத்தார்.

"இ... இ... இயோ..."

முதல் 'இ'க்கே பாதிப்பேர் தட்டிவிட்டார்கள். இரண்டாவதுக்குக் கொஞ்சம் பேர். தப்பாகத் தட்டிவிட்டோமோ என்று பயந்தவர்கள் மறுபடி தட்டினார்கள். தொகுமிட்சு மட்டும் மிகச் சரியான இடத்தில், தனியாக, ஒரு தட்டு தட்டினார். தகரக் கூரையில் விழும் முதல் தூறல் மாதிரி சத்தம் மண்டபம் முழுக்க அங்கங்கே சிதறி விழுந்து ஓய்ந்தது. எத்தனையோ ஆண்டுகளாக ஒரே அடியாக விழுந்துவந்த அந்தத் தட்டு அன்று திக்கியது.

ஒன்றாக விழாத தட்டு ஏகமனது ஆகுமா? குழுவுக்குள் குசுகுசுவென்று பேச்சு. தொகுமிட்சு ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"சென்செயோட ஆழமான வார்த்தைகளைக் குழு வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் யோசிக்கும்." அதாவது, அவ்வளவுதான். அனிமே அங்கேயே நின்றது. யாரும் நிறுத்தவில்லை, யாரும் நடத்தவுமில்லை.

வெளியே போகும்போது ஷிரத்தொரி அம்மையார் சென்செய்க்கு முன்னால் நின்று ஆழக் குனிந்தார். உண்மையாகவே அழுதிருந்தார். "உங்களுக்கு இப்படின்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, உங்க மனசு புண்படாம இருக்க உங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டே இருக்க மாட்டோம்," என்றார்.

சென்செயும் குனிந்தார். வேறென்ன செய்வது?

நடைமேடையில் ரயிலுக்குக் காத்திருந்தோம். பத்திரிகை இனி அவர் தொடரைக் கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளும், பிறகு நிறுத்தும். அது எங்கள் இருவருக்கும் தெரியும். அப்போது படியில் ஓடி வந்தாள் தமாகி. விழா உடை, கையில் அந்தப் பை.

"சென்செய்." மூச்சிரைத்தது. பையிலிருந்து மந்திரக்கோலை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள். தெளிவான, தடையில்லாத குரலில் மந்திரம் வந்தது. இரண்டு விநாடி.

"இது எ... என் குரல். ப... பதிவு பண்ணின அன்னிக்கு அம்மாவுக்குப் போ... போட்டுக் காட்டினேன். அ... அழுதாங்க. ச... சந்தோஷத்துல." நடைமேடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "எனக்கு மு... முதல் வேலை இது. உங்களால போ... போச்சு. நீங்க சொ... சொல்லி முடிச்சிட்டீங்க. நா... நான் அம்மாகிட்ட எ... என்ன சொல்லட்டும்?"

சென்செய் வெளிறிப்போனார். இடுப்பை வளைத்துக் குனிந்தார், நிமிரவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, அவள்மேலும் வந்தது. யார்மேல் வர வேண்டுமோ அவர்கள் ஓட்டலில் இறால் தின்றுகொண்டிருந்தார்கள்.

"நி... நிமிருங்க," என்றாள் அவள். "நீங்க ம... மன்னிப்புக் கேட்கணும்னு வரலை. நீங்க பே... பேசுறப்போ எனக்குக் கையே வ... வலிக்கலை. அது ஏன்னு தெ... தெரியலை. அதைத்தான் சொ... சொல்ல வந்தேன். கோபமும் இ... இருக்கு."

மந்திரக்கோலைப் பைக்குள் போட்டாள். பிறகு கேட்டாள். "அ... அடுத்த வாரம் நெலூ எ... எந்தக் கதவைத் தி... திறக்கிறா?"

சென்செய் நிமிர்ந்தார். பதில் சொல்ல வாயெடுத்தார். முதல் எழுத்தில் நின்றது.

எனக்குத் தெரியும் அந்தக் கதவு. அதைச் சுற்றிய பாறைகளை நான்தான் வரைந்திருந்தேன். நாக்கு நுனிவரை வந்தது, கடித்துக்கொண்டேன். ரயில் வந்தது. கதவுகள் திறந்தன, ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு இறங்கினார்கள், ஏறினார்கள். மணி அடித்தது. கதவுகள் மூடின. எங்கள் ரயில் எங்களை விட்டுவிட்டுப் போனது.

சென்செய் இன்னும் அந்த எழுத்தில்தான் இருந்தார். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்து நின்றாள். நானும் நின்றேன்.